உணவு வங்கிக்குக் கொடுக்கிறீர்களா? இதையும் கவனியுங்கள்

2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. அந்த நெருக்கடியில், கஷ்டப்படுகிறவர்களுக்கு உணவுப் பொருளை இலவசமாகத் தரும் உணவு வங்கியைத் தேடிப் போனவர்களில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். லண்டனின் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருக்கும் நம்மவர்கள் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

நமக்கு முதலில் தோன்றுவது பத்துக் கிலோ அரிசி மூட்டை. பிரிட்டனில் பல உணவு வங்கிகளை இணைக்கும் ட்ரஸல் என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்த உணவு வங்கிகள் பொதுவாக மூன்று நாளைக்கான பொதியாகத்தான் கட்டிக் கொடுக்கின்றன. மூட்டையைப் பிரித்து அளந்து கட்டினால் தேதியும் ஒவ்வாமை விவரமும் அச்சிட்ட உறை போய்விடும். ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டுகளே நல்லது. அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அங்கே செல்லாது.

வாங்குகிறவர் வீட்டு அடுப்பையும் யோசிக்க வேண்டும். மின்சாரமோ எரிவாயுவோ முன்பணம் கட்டினால்தான் ஓடும் மீட்டர் பல வீடுகளில் உண்டு. காசு தீர்ந்தால் சமையல் நின்றுவிடும். ஒரே அறையில் கெட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற குடும்பங்களும் உண்டு. இரவெல்லாம் ஊறவைத்து, பிறகு நெடுநேரம் வேகவைக்க வேண்டிய கொண்டைக்கடலை அவர்களுக்கு எதற்கு? வெந்த கடலை டின்னாகவே கிடைக்கிறது. வளையத்தை இழுத்துத் திறக்கும் டின் என்றால் இன்னும் நல்லது.

பாஸ்தாவும் பீன்ஸ் டின்னும் குவிந்து கிடக்கும்போது நாப்பியும் கெடாத பாலும் தீர்ந்திருக்கலாம். உணவு வங்கியின் அன்றைய தேவைப் பட்டியலைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். அலமாரியை ஒழிப்பதற்காகத் தேதி முடிந்ததைக் கொடுப்பது தானமாகாது. அதைப் பொறுக்கி எறிவது தொண்டர்களுக்குக் கூடுதல் வேலை.

டிசம்பரில் எல்லோரும் கொடுப்பார்கள். பள்ளியின் இலவச மதிய உணவு நின்றுபோகும் கோடை விடுமுறையில்தான் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நெருக்கடி அதிகம். உணவு வங்கிக்கு மாதாமாதம் சிறு தொகை அனுப்பினால் அந்தந்த நேரத்துத் தேவையை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். வருமான வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச் சலுகைத் திட்டத்தின் படிவத்தில் ஒப்புதல் தந்தால், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் கிடைக்கும்.

கஷ்டப்படுகிற தெரிந்தவரை நேரே உணவு வங்கிக்கு அனுப்பிவிடுவதும் பிழை. பல உணவு வங்கிகளில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு, பள்ளி, மருத்துவர் போன்றோர் தரும் பரிந்துரைச் சீட்டைக் கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர் என்றால், முதலில் அந்தச் சீட்டை வாங்கக் கூடப் போய் உதவுங்கள்.