அம்பாசிடரா, பத்மினியா? பழைய கார்களை ஒப்பிடுவது எப்படி

"அம்பாசிடர் 1,500 சிசி, பியட் 1,100 சிசி, அப்புறம் என்ன போட்டி?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு (பியட் என்று அவர்கள் சொல்வது பத்மினியைத்தான்). சிசியோடு, அதாவது இன்ஜின் கொள்ளளவோடு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: எந்த மாடல்?

கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி அம்பாசிடர். நடுவில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் எல்லாம் வந்தது. அதைக் கொண்டுபோய் பத்மினி பக்கத்தில் நிறுத்தினால் நியாயமே இல்லை. எண்பதுகளில் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் அம்பாசிடரையும், மும்பை குர்லாவில் தயாரான 1,089 சிசி பத்மினியையும் எடுப்போம். இரண்டுக்கும் நான்கு கியர், ஸ்டியரிங் ஓரத்திலேயே கியர் கம்பி, பின்சக்கர ஓட்டம்.

படி 2: சக்தியை எடையால் வகுங்கள்

முக்கியமான படி இதுதான். அம்பாசிடர் சுமார் 50 குதிரைத்திறன், காலி எடை ஏறக்குறைய 1,150 கிலோ. பத்மினி சுமார் 40, எடை 895 கிலோ. (ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே எடுங்கள்.) ஒரு டன்னுக்கு என்று கணக்குப் போட்டால் அம்பாசிடருக்கு 43.5, பத்மினிக்கு 44.7. சின்ன இன்ஜின்தான் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது!

படி 3: ஆட்களை ஏற்றுங்கள்

காலி வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேரை உட்கார வையுங்கள், 325 கிலோ கூடுகிறது. இப்போது அம்பாசிடர் 33.9, பத்மினி 32.8. கணக்கு அப்படியே திரும்பிவிட்டது பாருங்கள். எடை குறைந்த வண்டிக்கு அதே சுமை அதிகமாகவே உறைக்கும், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அம்பாசிடரைத் தேடியதற்கு இடவசதி மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி.

படி 4: எண்ணை எப்படி அளந்தார்கள்?

பழைய விளம்பரங்களில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் எஸ்ஏஇ (அமெரிக்க அளவு முறை) என்று இருந்தால் உஷார். அந்தக் காலத்து எஸ்ஏஇ முறையில் சைலன்சர், ஃபேன் போன்றவை இல்லாமல் வெறும் இன்ஜினை ஓட்டி அளப்பார்கள், அதனால் எண் பெரிதாக இருக்கும். ஒன்று எஸ்ஏஇ, இன்னொன்று டிஐஎன் (அவற்றை எல்லாம் மாட்டி அளக்கும் ஜெர்மன் முறை) என்றால் ஒப்பிடவே வேண்டாம்.

படி 5: ரோட்டில்

இன்ஜின் நன்றாகச் சூடானபின், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, காலியான சமதள ரோட்டில் மூன்றாம் கியரிலேயே 30இலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை எடுத்துச் சராசரி போடுங்கள், காற்றும் மேடும் கழிந்துவிடும். இரண்டு வண்டியிலும் அதே ஆட்கள்தான் உட்கார வேண்டும். இரண்டுமே டிரம் பிரேக் என்பதால் நிற்பதற்குத் தாராளமாக இடம் விட்டுக்கொள்ளுங்கள்.