மோட்டார் படகில் புதிய மின்னணுக் கேபிள்களை இழுப்பது எப்படி?

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் கடலோரங்களிலும் மீன்பிடிக்கவும் உலா போகவும் பலர் வைத்திருப்பது, நடுவில் ஸ்டீயரிங் மேடையும் பின்னால் அவுட்போர்டு என்ஜினும் கொண்ட 22 அடி ஃபைபர் கிளாஸ் படகு. அதில் புதிய சார்ட்பிளாட்டரை (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரைக் கருவி) வாங்கிப் பொருத்துகிறவருக்குத் திரையை மேடையில் பதிப்பது எளிது. படகின் பின்சுவரிலிருந்து மேடை வரை, தளத்துக்கு அடியில் ஓடும் குழாய் வழியாகக் கேபிள்களைக் கொண்டுவருவதில்தான் வேலையே இருக்கிறது. கயிறு போன பிறகே கேபிள் போக வேண்டும் என்ற ஒழுங்கை விடாமல் கடைப்பிடித்தால், முதன்முறை செய்கிறவரும் எதையும் சேதப்படுத்தாமல் இதை முடித்துவிடலாம்.

இங்கே மூன்று கேபிள்களை எடுத்துக்கொள்கிறேன்: ஆழத்தையும் மீனையும் ஒலியலையால் அறியும் டிரான்ஸ்டியூசரின் கேபிள், பின்புற பேட்டரியிலிருந்து வரும் மின்சார வயர்கள், என்ஜினின் தகவல்களைத் திரைக்குக் கொண்டுவரும் என்எம்இஏ 2000 (படகுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் தர முறை) கேபிள்.

படி 1: மின்சாரத்தைத் துண்டித்தல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடிப்பகுதியில் தேங்கும். எனவே எல்லா மூடிகளையும் திறந்து, நன்றாகக் காற்றோட விட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: அளந்து வயரைத் தேர்ந்தெடுத்தல்

கேபிள் செல்லும் பாதை முழுவதையும் ஒரு கயிற்றால் அளந்து, இரு முனைகளிலும் இணைப்பு வேலைக்காக அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். வயரின் தடிமனை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் இ-11 தரம், மின்னணுக் கருவிகளுக்குச் செல்லும் வயரில் மின்னழுத்த இழப்பு 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். கருவி 5 ஆம்பியர் எடுப்பதாகவும், பேட்டரியிலிருந்து திரை வரை 6 மீட்டர் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 12 மீட்டர். 14 கேஜ் (வயர் தடிமனின் அமெரிக்க அளவு) வயரில் ஏறக்குறைய 0.5 வோல்ட் இழப்பாகும். அதைவிடத் தடிமனான 12 கேஜில் 0.31 வோல்ட்தான் போகும். ஆகவே 12 கேஜ்தான் சரி. வீட்டு வயரிங்குக்கான செம்புக் கம்பியைப் படகில் போடாதீர்கள். உப்புக் காற்று இழைகளுக்கு நடுவே ஊர்ந்து செம்பைக் கறுக்கச் செய்துவிடும் என்பதால், வெள்ளீயம் பூசிய பல இழை வயரே தேவை.

என்எம்இஏ 2000 வலையில் தொடக்கக்காரர்கள் தவறவிடும் ஒரு வரம்பு உண்டு: எல்லாக் கருவிகளும் இணையும் முதன்மைக் கேபிளான முதுகெலும்பிலிருந்து ஒரு கருவிக்குக் கிளைக்கும் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேடையிலிருந்து என்ஜின் வரை அதைவிட நீளமாக இருந்தால், கிளையை நீட்டாமல் முதுகெலும்பையே பின்புறம் வரை கொண்டுசெல்ல வேண்டும்.

படி 3: இழுகயிற்றைக் குழாய்க்குள் செலுத்துதல்

பழைய கேபிளை எடுத்தெறியும் அவசரம் வேண்டாம். ஒரு முனையை மெல்ல அசைத்து, மறுமுனையும் தடையின்றி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், அதன் முனையில் உறுதியான நைலான் கயிற்றைக் கட்டி, பழையதை வெளியே இழுக்கும்போதே கயிற்றை உள்ளே கொண்டுபோய்விடலாம். அசையாவிட்டால் நடுவில் எங்கோ கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்; அதை அப்படியே விட்டுவிட்டு, எலெக்ட்ரீஷியன்கள் பைப்பில் வயர் இழுக்கப் பயன்படுத்தும் நைலான் ஸ்பிரிங்கை மேடைப் பக்கத்திலிருந்து செலுத்தி, பின்புறம் வெளிவரும் நுனியில் கயிற்றைக் கட்டி மேடைக்கு இழுங்கள். குழாயின் மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்துக் கயிற்றை உறிஞ்சும் முறையும் உண்டு. ஆனால் சாதாரண வாக்குவம் கிளீனரின் மோட்டாரில் தீப்பொறி எழும் என்பதால், பெட்ரோல் படகில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: முனைகளைக் கட்டுதல்

இந்தக் கட்டு எப்படி அமைகிறதோ அப்படித்தான் கேபிள் வரும். டிரான்ஸ்டியூசர் பின்சுவரில் இருப்பதால், அதன் கேபிளின் பிளக் முனை மேடையை நோக்கிப் பயணிக்க வேண்டும். பிளக்கின் பூட்டு வளையம் பல தயாரிப்புகளில் தனியாகத் தரப்படுகிறது. அதை இப்போது மாட்டாதீர்கள், குழாயில் இடம் மிஞ்சும். பிளக்கின் ஊசிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். இல்லையென்றால் டேப்பின் பசை ஊசிகளில் ஒட்டிக்கொள்ளும். கயிற்றைப் பிளக்கில் கட்டாமல், அதற்குப் பின்னால் கேபிளின் மேலுறையில் பல சுற்றுகள் சுற்றி முடிச்சிடுங்கள். மூன்று கேபிள்களின் முனைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து பருமனாகாதபடி ஒவ்வொன்றையும் ஒரு சாண் பின்தள்ளி வைத்து, முழுவதையும் டேப்பால் சுற்றி, நுனி கூம்பாக அமையும்படி செய்யுங்கள். இவற்றோடு இன்னொரு வெறும் நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டுங்கள். அது குழாயிலேயே தங்கி அடுத்த முறை உதவும்.

படி 5: இழுத்தல்

இதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் பின்புறம் நின்று கேபிளைச் சிக்கின்றி ஊட்ட, மற்றவர் மேடையிலிருந்து இழுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தடவினால் உராய்வு குறையும். கிரீஸும் எண்ணெயும் மேலுறையைக் கெடுக்கக்கூடும். தடை தெரிந்தால் பலத்தைக் கூட்டாமல், ஓரடி பின்வாங்கிச் சற்றே திருகி மறுபடி இழுங்கள். அதே குழாயில் கியர் கேபிளும் ஸ்டீயரிங் ஹோஸும் போவதால், முரட்டுத்தனமாக இழுப்பது படகின் கட்டுப்பாட்டையே பாதிக்கலாம்.

படி 6: இரு முனைகளையும் முடித்தல்

பின்புறத்தில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, என்ஜினை முழுவதும் உயர்த்திப் பார்த்து, எந்த நிலையிலும் கேபிள் விறைக்காத அளவுக்குத் தளர்வு விடுங்கள். குழாய்க்கு வெளியே கேபிள்களை 18 அங்குலத்துக்கு ஒருமுறை கிளிப்பால் தாங்குங்கள். பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், கருவியின் கையேடு சொல்லும் அளவிலான ஃபியூஸைப் பொருத்துங்கள். இணைப்புகளைக் கிரிம்ப் செய்து (அதற்கான கருவியால் நசுக்கி இறுக்கி), சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள்.

டிரான்ஸ்டியூசர் கேபிள் மிஞ்சினால் வெட்ட வேண்டாம். வெட்டி ஒட்டிய கேபிளில் இரைச்சல் எளிதில் புகும். மிஞ்சியதை அகன்ற சுற்றுகளாகச் சுருட்டி மேடைக்குள் கட்டி வையுங்கள். காந்தத் திசைகாட்டிக்கு அருகே செல்லும் மின்சார வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று நீக்கி, முள் விலகாமல் இருக்கும்.

படி 7: மூடிகளைப் பூட்டும் முன் சோதனை

பேட்டரியை மாட்டுவதற்கு முன், என்எம்இஏ 2000 முதுகெலும்பின் இரு தகவல் வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து பாருங்கள். இரு கோடிகளிலும் 120 ஓம் முனையடைப்பான்கள் (டெர்மினேட்டர் எனும் மின்தடைகள்) இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிறகு படகை நீரில் இறக்கி என்ஜினை இயக்கி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே திரையைக் கவனியுங்கள். என்ஜின் வேகத்தோடு சேர்ந்து புள்ளிகளும் கோடுகளும் கூடினால், டிரான்ஸ்டியூசர் கேபிளை என்ஜினின் வயர்க் கட்டிலிருந்தும் விஎச்எஃப் ரேடியோவின் ஆண்டெனா கேபிளிலிருந்தும் இயன்றவரை விலக்குங்கள். குறுக்கே கடந்தே தீர வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். திரை தெளிந்த பிறகு மூடிகளைப் பூட்டலாம்.