அப்பாவோடு தொண்ணூற்றைந்தாம் ஆண்டைக் கதைப்பது எப்படி

அப்பாவுக்கு இப்போது 81 வயது. 1995இல் எனக்கு 16. அந்த வருடத்திலிருந்து ஏறக்குறைய 25 வருடங்களை நாங்கள் இருவரும் “ஓம்”, “இல்லை”, “சாப்பிட்டாச்சு” என்ற மூன்று சொற்களில் ஓட்டினோம். பிறகு ஒரு மாதிரிக் கதைக்கப் பழகிவிட்டோம். எப்படி என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்கள் வீட்டு மூலைக் கதிரையிலும் ஒரு அப்பாவோ அம்மாவோ வாய் திறக்காமல் இருக்கிறார். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் உளவியல் படித்தவனில்லை, ஸ்காபரோவில் ஹீட்டர் திருத்துகிறவன்.

எல்லாரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்றில்லை. சண்டை வராவிட்டாலும் அடித்து முறித்திருக்கக்கூடிய அப்பாக்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். போரைச் சாட்டி அவர்களோடு சமாதானமாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பயத்தில் மூர்க்கமாகிப்போன பெற்றோரைப் பற்றித்தான் நான் சொல்கிறேன்.

எங்களுடைய வழக்கு இதுதான். ஊர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். 1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானம் குண்டு போட்டது. அங்கே தஞ்சமென்று போயிருந்த சனத்தில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். என் வகுப்புப் பெடியன் ஒருவனுடைய தமக்கையும் அதில் போய்விட்டாள். மூன்றாம் கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் புலிகள் இயக்கத்தில் சேர அவர்களின் முகாமுக்குப் போய்விட்டேன். யாரோ அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அப்பா வந்து முகாம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு மணிக்கு நின்றவர் விடியும்வரை நின்றார். “சோதனையை எழுதிப்போட்டு வா” என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா இரவில் என் சைக்கிள் ரயரில் காற்றை அடைத்து வைத்திருக்கும் வால்கட்டையைக் கழற்றித் தன் சேட்டுப் பையில் வைத்துக்கொள்வார். என் அறை வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுப்பார். ஒக்டோபர் 30ஆம் திகதி எல்லாரையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற செம்மணி வெளியில், என் இடது கையைத் துவாயால் தன் சைக்கிள் கரியரோடு கட்டினார். அதை என்னோடு படித்த நாலைந்து பேர் பார்த்தார்கள். ஒருவன் ஆடு கத்துவதுபோலக் கத்திக் காட்டினான். நாவற்குழிப் பாலம் தாண்டும்போது அப்பாவோடு இனிக் கதைப்பதில்லை என்று முடிவு எடுத்தேன். அடுத்த வருடம் என்னை மாமா ஒருவரோடு கொழும்புக்கு ஏற்றி விட்டார். அங்கிருந்து கனடா. அம்மா செத்த பிறகு அப்பாவை நான்தான் ஸ்பொன்சர் செய்து எடுத்தேன். ஒரே வீட்டில் இருந்தோம். அப்போதும் மூன்று சொல்தான்.

சரி, எங்கே தொடங்குவது? முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான் முதலில் செய்த பிழை அதுதான். தேத்தண்ணி போட்டு, எதிரே கதிரையை இழுத்துப்போட்டு, “அப்பா, உங்களோட கொஞ்சம் கதைக்கவேணும்” என்றேன். விசாரணைக்குக் கூட்டிப்போன ஆளைப்போல அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். எங்கள் அப்பாமார் பலர் உண்மையாகவே விசாரிக்கப்பட்டவர்கள். ஒரு மேசை, எதிரில் ஒருவன், ஒரு கேள்வி என்றால் அவர்கள் உடம்புக்கு அது வேறு இடம். பக்கத்தில் இருங்கள். காரில் போகும்போது நல்லது. முருங்கையிலை உருவும்போது அதைவிட நல்லது, கைக்கு வேலை இருக்கும், கண்ணுக்கும் பார்க்க ஒன்று இருக்கும்.

நாளையும் பாருங்கள். நவம்பர் 27 மாவீரர் நாள், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், இரண்டும் வேண்டாம். அன்றைக்கு டிவியில் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள், வீட்டிலும் அதே பேச்சுத்தான் வரும். படுக்கப் போகுமுன் கேட்காதீர்கள். நான் ஒரு நாள் இரவு கேட்டுவிட்டு, இரண்டு மணிக்கு அவர் கட்டிலுக்குக் கீழே செருப்புத் தேடுவதைக் கண்டேன். பங்கருக்கு ஓடத் தேடினாராம். கனடா தினத்து வாணவேடிக்கை கிழமையும் சரிவராது. அப்பா அந்த இரவுகளில் பேஸ்மென்டில்தான் இருப்பார், வெக்கை என்று சொல்லுவார்.

அடுத்தது கேள்வி. “ஏன்” என்று தொடங்கும் கேள்வி ஒன்றையும் கேட்காதீர்கள். “ஏன் என்னைக் கட்டினீங்கள்?” என்ற கேள்விக்கு அப்பாவிடம் ஒரு பதில்தான் இருக்கும்: “வேற என்ன செய்யிறது?” அதோடு கதவு சாத்தியாகிவிடும். சாமானைப் பற்றிக் கேளுங்கள். 1990இல் கரண்டும் போய், பொருளாதாரத் தடையும் வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு பட்டறை மாதிரித்தானே இருந்தது. ஜாம் போத்தல் விளக்குக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் விடுவீர்கள்? சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தால் மணம் போகுமா? பங்கருக்கு எத்தனை பனங்குற்றி போனது, யார் வளவில் தறித்தது? பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை ரேடியோச் செய்தி கேட்டோமே, சுற்றினது யார்?

சுற்றினது நான்தான். அது எனக்கே மறந்துவிட்டது. “நீதான் சுத்துவாய். செய்தி முடியிற நேரம் வேணுமெண்டே மெதுவாச் சுத்துவாய், அறிவிக்கிறவன் நித்திரை தூங்குறமாதிரிக் கதைப்பான்” என்று சொல்லி அப்பா சிரித்தார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாதக் கணக்கில் சாமானைப் பற்றியே கதைத்துக்கொண்டிருங்கள். அவசரம் வேண்டாம். திகதியில் பிழை விட்டால் திருத்தப் போகாதீர்கள். அவர்களிடம் வேறு நாட்காட்டி இருக்கிறது: இந்தியன் ஆமி காலம், கிளாலிக் கடலால் போய்வந்த காலம், குண்டு போடும் சகடை விமானம் வந்த காலம், இடப்பெயர்வுக்கு முதல், பிறகு. நீங்கள் அந்த நாட்காட்டிக்குப் போங்கள். ஆண்டு வேண்டுமென்றால் பிறகு தனியே எழுதிப் பொருத்தலாம்.

எனக்குக் கதவு திறந்தது ஒரு சைக்கிளால். 401 நெடுஞ்சாலையில் கண் டொக்டரிடம் போய்க்கொண்டிருந்தோம். என்னைக் கட்டிய அந்தச் சைக்கிள் ஒரு பழைய ராலி. சும்மாதான் கேட்டேன்: “அந்த ராலி எங்க வாங்கினது அப்பா?”

“அது வாங்கினதில்லை. சின்னவன்ர.”

சின்னவன் என்றால் என் சித்தப்பா. 1986இல் எனக்கு ஏழு வயது. சித்தப்பா இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நானும் அதையே நம்பி, அவர் அங்கே கலியாணம் கட்டி இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா டெலோ என்ற இன்னொரு ஆயுத இயக்கத்தில் இருந்தவராம். அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவை அழிக்கத் தொடங்கியபோது அவரைச் சுட்டுவிட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை. சினேகிதன் வீட்டில் விட்டிருந்த சைக்கிளை மட்டும் அப்பா போய் எடுத்துவந்தார். ஒன்பது வருடம் கழித்து, அதே இயக்கத்தின் வாசலில், அதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் விடியவிடிய நின்றிருக்கிறார்.

இதை 1995இல் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேனோ என்று பிறகு யோசித்தேன். அடங்கியிருக்க மாட்டேன். அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லியிருப்பேன். அதற்கு அடுத்த நாள் அப்பாவைக் கூப்பிட்டிருப்பார்கள். 16 வயது வாயில் அந்தக் கதை பத்திரமாக இருக்காது. ஆகவே காரணத்தை விழுங்கிவிட்டு வால்கட்டையைக் கழற்றினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். நன்றாகப் பழகிய பிறகு, ஒரே ஒரு தடவை, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அப்ப எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு ஏதாவது வைச்சிருந்தனீங்களோ?” இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ரெக்கோட் செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், போனை அவர் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். ஊரில் உயிரோடிருப்பவர்களின் பெயர் வந்தால் அதை வெட்டிவிடுங்கள். முக்கியமாக, வாட்ஸப்பில் போடாதீர்கள். நான் போட்டேன். சித்தப்பா கதையில் இரண்டு நிமிடத்தை, பெருமையாக, குடும்பக் குழுவில். அரை மணித்தியாலத்தில் ஊரிலிருந்து மாமி எடுத்தார். “நீ அங்க இருந்துகொண்டு கதைப்பாய், இங்க நாங்கள் எல்லாரோடையும் முகம் முழிக்கவேணும்” என்று அழுதார். அவர் சொன்னது சரிதான். அழித்துவிட்டேன், ஆனால் எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு மாதம் பழைய மூன்று சொல்லுக்குத் திரும்பிப்போனார்.

கதைக்கும்போது கை நடுங்கினால், ஒரு வசனம் பாதியில் நின்றால், “சொல்லுங்கோ, சொல்லுங்கோ” என்று உந்தாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். இன்றைக்கு என்ன சமைப்பது என்று கேளுங்கள். நித்திரை கெடுவது, சத்தத்துக்குப் பதறுவது என்று நாள்தோறும் தொடர்ந்தால் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போங்கள். “விசர் எண்டு சொல்லப்போறாங்கள்” என்று அப்பா மறுத்தார். நித்திரைக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அது பொய்யுமில்லை.

உங்கள் கோபத்தை என்ன செய்வது? அதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் சாமானைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் அவரைப்போல ஆகிவிடுவீர்கள். ஆனால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். “என்ர வாழ்க்கையைக் கெடுத்தீங்கள்” என்றால் அவர் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்குவார். நான் சொன்னது இவ்வளவுதான்: “செம்மணியில துவாயால கட்டினது எனக்குச் சரியான வெக்கமா இருந்தது அப்பா. பெடியள் ஆடு மாதிரிக் கத்தினாங்கள்.” அப்பா முருங்கையிலை உருவுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் கேட்டது” என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்குப் பழக்கமில்லை. அன்றிரவு என் கோப்பையில் மீன் தலை இருந்தது. அது வழக்கமாக அவருடைய பங்கு.

இன்னொன்று, இதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். நாங்கள்தான் கேட்க வேண்டும், அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களிடமும் கேள்வி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க நீங்கள் ஒன்றும் கேட்காமல் இருந்து பாருங்கள். போன மார்கழியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, கார் எடுக்க முடியவில்லை, இருவரும் குசினியில் இருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அண்டைக்கு இரவு முகாமில உனக்குச் சாப்பிடத் தந்தவங்களோ?”

“தந்தவங்கள் அப்பா. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.”

“வயிறாரத் தந்தவங்களோ?”

“ஓம்.”

“ம்” என்றார். பிறகு எழுந்து கேத்திலை அடுப்பில் வைத்தார். “கொம்மாவும் அண்டைக்குப் புட்டுத்தான் அவிச்சவ. விடியப் பாத்தால் நீத்துப்பெட்டியோட அப்பிடியே இருந்தது.”