டேக் நம்பரை நம்பி ஏமாறாதீர்கள்: ஆலைத் தரவு இணைப்பில் நடக்கும் தவறுகள்

கண்ட்ரோல் ரூம் தரவைப் பராமரிப்பு சாஃப்ட்வேரோடு இணைக்கலாம் என்று முடிவானதும் ஆலைகளில் முதலில் கிளம்புவது 'எந்த ஸ்டாண்டர்ட்?' என்ற சண்டை. வீண் சண்டை. ஓபிசி யூஏ சென்சார் அளவீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஐஎஸ்ஏ-95 உற்பத்திப் பக்கத்துக்கும் அலுவலகப் பக்கத்துக்கும் நடுவே என்ன தகவல் போக வேண்டும் என்று வகுக்கும், ஐஎஸ்ஓ 14224 பழுதுகளை எப்படிப் பதிவது என்று சொல்லும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

ரொம்பச் செலவு வைக்கும் தவறு வேறு: இடத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாக நினைப்பது. பி-101ஏ என்ற டேக் நம்பர் குறிப்பது பம்பை இல்லை, பம்ப் உட்காரும் இடத்தை. அங்கிருந்த பம்பைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறொன்றை மாட்டுகிறார்கள், ஆனால் வைப்ரேஷன் அளவீடு பழையபடி பி-101ஏ பெயரிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது, ஆக பழைய பம்பின் பியரிங் தேய்மானம் முழுவதும் புதிதாக வந்ததன் தலையில் விழுகிறது. ஓவர்ஹால் முடிந்து பழையது வேறு இடத்தில் மாட்டப்பட்டால் அதற்கு வரலாறே கிடையாது. மிமோசா என்ற தொழில்துறை அமைப்பு வகுத்த தரவு மாதிரியில் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். டேக் நம்பர், சீரியல் நம்பர், மாட்டிய தேதி, கழற்றிய தேதி நான்கும் சேர்ந்து போகாத இணைப்பு எனக்கு இணைப்பே இல்லை.

அப்புறம், எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை உதறிவிடுவது. ஓபிசி யூஏ மதிப்போடு அதன் தரக்குறியீட்டையும் நேரத்தையும் அனுப்புகிறது. சென்சார் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் லூப்பில் ஒயர் அறுந்தால் அளவீடு அடிமட்டத்துக்குப் போய்விடும், கூடவே 'இதை நம்பாதே' என்ற குறியும் வரும். நடுவில் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் அந்தக் குறியை விட்டுவிட்டால், பராமரிப்புப் பக்கம் பிரஷர் பூஜ்யம் என்று ஒர்க் ஆர்டர் (ரிப்பேர் வேலைக்கான உத்தரவு) கிளம்பிவிடும். நேரமும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வரும். ஒர்க் ஆர்டர் இந்திய நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில், பழுதுக்கு மணிக்கணக்கில் முன்பே அலாரம் அடித்துவிட்டதாகப் பதிவாகும். பிரஷர் பார் அலகில் வந்தால் அது கேஜா (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு) அப்சல்யூட்டா (வெற்றிடத்திலிருந்து எவ்வளவு) என்பதையும் கேட்டுவிடுங்கள், சுமார் 1 பார் வித்தியாசம்.

பழுதுக் குறியீட்டில் 'மற்றவை' என்று ஒரு தேர்வு வைத்தால் ஷிப்ட் முடியும் அவசரத்தில் எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள், எனக்குத் தெரிந்து விதிவிலக்கு இல்லை.

கடைசியாக, காண்ட்ராக்டர் ஆலையை ஒப்படைக்கும் நாளில் தரவு கேட்பது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வு, கட்டடங்கள், ஆலைகள் துறையில் தரவு ஒத்துப்போகாததால் 2002இல் ஆன செலவை 1,580 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள், இயக்குபவர்கள் தலையில். தரவு எந்த வடிவில் வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், பணம் விடுவிக்கும் முன் ஒரே ஒரு பம்பின் தரவையாவது உங்கள் சாஃப்ட்வேரில் ஏற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் பிடிஎஃப் கட்டுதான் வரும்.