பாய்மர வத்தையில் புதியவர்களைப் பழக்குவது: முதல் மூன்று நாள்

தேவிபட்டினம் முதல் தொண்டி வரைக்கும் உள்ள கரையில் பாய்மர வத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு ஏறிப் பழக ஆசைப்படும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆசையோடு வருகிற எல்லோரும் முதலில் கயிற்றை இழுக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது கயிற்றை விடுவது. படகு கவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம், விட வேண்டிய நேரத்தில் கயிறு கட்டப்பட்டிருப்பதுதான்.

எப்போது தொடங்கலாம்

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. காலையில் மெல்லிய தரைக்காற்று இருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்புவதால் கரை சேருவது சுலபம். காற்று மணிக்கு 10 முதல் 18 கி.மீ. வரை இருந்தால் போதும். கடலில் வெள்ளை நுரை பூக்கத் தொடங்கினால் புதியவர்களை ஏற்ற வேண்டாம்.

கச்சான் காலத்தில் கடலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று நிலத்திலிருந்து வீசுவதால் கரையோரத் தண்ணீர் குளம் போல் கிடக்கும். அதே காற்று, தவறு செய்தவரை இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் இதற்கு மாறாக, அலை கரையை நோக்கி வந்து மோதும். பாக் விரிகுடாவில் ஆழமான இடமே 13 மீட்டரைச் சுற்றித்தான். அதனால் அலை நீளமாக உருளாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். படகு தூக்கிப் போடும்.

முதல் நாள்: கரையில்

ஒரு படகுக்கு ஆறு பேர் என்றால் இரண்டு பேர் அனுபவசாலிகளாக இருக்க வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிக்கும் தண்டல், இன்னொருவர் தாமான்காரர் பக்கத்திலேயே உட்காருகிறவர். மீதி நான்கு பேரும் புதியவர்கள்: தாமானில் ஒருவர், ஆஞ்சானில் இருவர், படகின் முன்பக்கமான அணியத்தில் ஒருவர். தண்ணீர் இறைக்கும் வேலையை அணியத்தில் இருப்பவருக்கே கொடுங்கள்.

பெயர்களைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பாயைத் தாங்கும் நீளக் கட்டை பருமல். அதைப் பாய்மரத்தின் மேல் ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்க்கோடியைப் பிடித்து, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற கயிறு தாமான்.

கட்டளைச் சொற்களையும் கரையிலேயே முடிவு செய்யுங்கள். 'இழு', 'இறக்கு' இரண்டும் காற்றிரைச்சலில் ஒன்று போலவே கேட்கும். இறக்கச் சொன்னால் இழுத்துவிடுவார்கள். அதனால் இறக்குவதற்குப் 'பாய் கீழே' என்றும், தாமானை விடுவதற்கு 'விட்ரு' என்றும் சொல்லிப் பழக்குங்கள். கட்டளை கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும்.

இனி விடுகிற பயிற்சி. ஊன்றிய கம்பத்தில் தாமானை ஒரே ஒரு சுற்று சுற்றி, நுனியைப் புதியவர் கையில் கொடுங்கள். மறுமுனையை இரண்டு பேர் இழுக்கட்டும். ஒரு சுற்றே எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பது அவர் கைக்குத் தெரியும். 'விட்ரு' என்றதும் விரலைத் திறக்க வேண்டும். ஆளுக்குப் பத்து முறை. கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். திடீர்க் காற்று இழுத்தால் ஈர நைலான் கயிறு தோலை உரித்துவிடும், விரலும் முறியும். ஆஞ்சானை எட்டு வடிவில் சுற்றிக் கட்டலாம். தாமானில் மட்டும் எந்த முடிச்சும் கூடாது.

இரண்டாம் நாள்: நங்கூரத்தில்

இடுப்பளவு தண்ணீரில் அணியத்தில் நங்கூரம் கட்டினால் படகு காற்றைப் பார்த்து நிற்கும். அந்த நிலையில் பாயை ஏற்றி இறக்குங்கள், குறைந்தது எட்டு முறை. பாய் படபடவென்று அடிக்கும்போது புதியவர்கள் மிரளுவார்கள். அடிக்கிற பாய் படகை இழுக்காது, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் கயிற்று நுனியும் பருமலும் தலையில் படும் என்பதால் எல்லோரும் குனிந்தே இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: ஓட்டம்

ஏறும் முன்: நீந்தத் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு அங்கி, ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், இறைக்க இரண்டு வாளி, கத்தி, பிளாஸ்டிக் பையில் போன், ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு நங்கூரக் கயிறு. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பழக்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

முதல் ஓட்டம் காற்று பக்கவாட்டில் வரும்படி இருக்கட்டும். பின்காற்றில் ஓடுவது சுகமாகத் தோன்றும், ஆனால் புதியவருக்கு ஆபத்தானது அதுதான். காற்று கொஞ்சம் மாறினாலும் பாயின் மறுபக்கத்தில் பிடித்துப் பருமலைச் சுழற்றி அடித்துவிடும். தாமானை, பாயின் படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயும், வேகமும் குறையும்.

சாய்ந்தால் ஆட்கள் காற்றுப்பக்கத்துப் பலகைக்கு ஏற வேண்டும். மணல் மூட்டையை நிறை பாரமாக வைத்தால் முக்கால் அளவே நிரப்புங்கள். அப்போதுதான் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். முழுக்க அடைத்த மூட்டை உருண்டு சாயும் பக்கமே போய், இருக்கிற சாய்வை இன்னும் கூட்டும்.

திரும்புவதற்கு அவசரப்பட வேண்டாம். முதலில் 'பாய் கீழே'. பருமலை மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து, தாமானையும் மாற்றிய பிறகு மறுபடி ஏற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் யாருக்கும் அடிபடாது. பாயை இறக்காமல் திருப்புவதை இன்னும் பல நாள் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆள் விழுந்தால் எடுக்கும் பயிற்சிக்கு 20 லிட்டர் கேன் ஒன்றைப் பாதி தண்ணீர் நிரப்பி, இறுக மூடிப் போடுங்கள். வெறும் கேனைக் காற்று தள்ளிக்கொண்டு ஓடிவிடும். பாதி நிரம்பியது, விழுந்த ஆளைப் போல் தண்ணீரோடு மெல்ல நகரும். ஒருவர் கையை நீட்டிக் காட்டியபடி அதை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. காற்று போகும் திசையில் கேனைத் தாண்டிப் போய்த் திரும்பி, காற்றை நோக்கி மெதுவாக வந்து, பக்கத்தில் வந்ததும் 'விட்ரு'. ஆறு முறையாவது செய்யுங்கள்.

படகே கவிழ்ந்தால் முதலில் தலைகளை எண்ண வேண்டும். கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் யாரும் நீந்திப் போகக் கூடாது. மரப் படகு மிதக்கும். தேடி வருகிறவர்கள் கண்ணில் தனி ஆளைவிடப் படகுதான் முதலில் படும்.

கரை சேர்ந்ததும் பாயையும் கயிறுகளையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிறகு புதியவர் ஒருவரைக் கூப்பிட்டு, மர உச்சியில் உரசுகிற ஆஞ்சானின் அந்த ஒரு முழத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இழை எழும்பி நின்றால் அந்தத் துண்டை அன்றே வெட்டி எடுத்துவிட வேண்டும்.