ஆஸ்டினில் உங்களுக்கு இரண்டு நிமிடம்

டெக்சஸுக்கு வந்த புதிதில் வீடு, கார், பள்ளிக்கூடம் என்று அலைவதிலேயே முதல் வருஷம் ஓடிவிடும். ஆஸ்டினின் அந்த இளஞ்சிவப்புக் கல் சட்டமன்றக் கட்டடம், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை நிறுத்தி போட்டோ எடுக்கும் இடம், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்து, பேச்சுப் பயிற்சிக்கும் வீட்டு உதவிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோதுதான் அந்தக் கட்டடத்தின் நிலத்தடி அறைகள் எனக்குப் பழக்கமாயின. மருத்துவம், மனிதநலச் சேவைகளுக்கான பட்ஜெட் கருத்துக்கேட்புக் கூட்டம் அங்கேதான் நடக்கிறது.

பலருக்கும் முதலில் வரும் கேள்வி: "நாம குடிமக்கள் இல்லையே, போகலாமா?" போகலாம், பேசவும் செய்யலாம். பதிவுப் படிவத்தில் பெயர், ஊர், யார் சார்பில் பேசுகிறீர்கள் போன்ற விவரங்கள்தான் இருக்கும். ஹெச்-1பியா, கிரீன் கார்டா என்ற கேள்வி கிடையாது. யார் சார்பில் என்ற இடத்தில் 'எனக்காக' என்று போடுங்கள். கம்பெனி பெயரை அங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போவது நல்லது.

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை தொடங்கி 140 நாள். அடுத்தது 2027 ஜனவரி 12. அந்த 140 நாளுக்குள் இரண்டு வருஷத்துக்கான மொத்தச் செலவையும் தீர்மானித்தாக வேண்டும். 300 பில்லியன் டாலருக்கு மேல் போகும் பட்ஜெட். அதில் மருத்துவமும் மனிதநலமும் இருக்கும் பகுதிக்கு ஆர்ட்டிகிள் டூ என்று பெயர். மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது ஒன்றுக்கே. மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஈ.சி.ஐ. பயிற்சி, மனநல மருத்துவமனைகள், குழந்தைகள் பாதுகாப்புத் துறை எல்லாம் இதற்குள் அடக்கம். கூட்டம் இரண்டு இடத்தில் நடக்கும்: மேலவையான செனட்டில் நிதிக் குழு, கீழவையில் ஒதுக்கீட்டுக் குழு. கீழவைக் குழுவில் ஆர்ட்டிகிள் டூவுக்கென்றே தனி உபகுழு உண்டு.

தேதி தெரியாமல் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கீழவையில் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே அறிவிப்பு வரவேண்டும் என்பது விதி. செனட்டில் 24 மணி நேரம் போதும். அதனால் டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன் தளத்தில் இந்த இரண்டு குழுக்களுக்கும் மின்னஞ்சல் அலர்ட் போட்டு வையுங்கள். பிப்ரவரி முழுவதும் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இதை நம் ஊர் மனுநாளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனால், நம் குறையைச் சொல்லி, மனுவைக் கொடுத்து, அதில் ஒரு குறிப்பு எழுதி வாங்கி வருவோம். என் வேலை முடிந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. ஆஸ்டினில் உங்கள் குழந்தையின் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் முடியாது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பதை மட்டுமே அந்தக் குழு தீர்மானிக்கும். எனவே உங்கள் கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், முடிவில் அது ஒரு தொகையிலோ எண்ணிக்கையிலோ போய் நிற்க வேண்டும்.

நான் முதல் தடவை இதைத் தெரியாமல்தான் போனேன். தலைவருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு வணக்கம், வாய்ப்புக்கு நன்றி, நான் எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று மேடைப்பேச்சு மாதிரி ஆரம்பித்தேன். மகன் பெயருக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான் தருவார்கள். அடுத்த தடவை போனபோது ஒரே தாளில் நாலு வரி எழுதிக்கொண்டேன்: என் பெயரும் ஊரும், என்ன வேண்டும், ஏன் என்பதற்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள், மறுபடி என்ன வேண்டும். சமையலறையில் மனைவியிடம் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, தாளைப் பார்த்தே படிக்கலாம், அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எழுத்துப் பிரதி எத்தனை கொண்டுவர வேண்டும் என்று குழுவின் கிளார்க்கிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணம் கேட்பது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களுக்கு மெடிகெய்ட் கணக்கிடும் அடிப்படைக் கூலி மணிக்கு 8.11 டாலராக இருந்தது. இந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்று அமர்வுக்கு அமர்வு ஆட்கள் வந்து சொன்னார்கள். 2023-இல் அது 10.60 ஆனது, 2025-இல் 13 டாலர் ஆனது. போதுமா என்றால் போதாது. ஆனால் அந்த எண் இந்த அறைகள் வழியாகத்தான் நகர்ந்தது.

அன்றைய நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். சான் ஹசிண்டோ தெருவிலுள்ள பார்வையாளர் பார்க்கிங்கில் முதல் இரண்டு மணி நேரம் இலவசம். உங்களுக்கு அது போதாது. நுழைவாயிலில் விமான நிலையம் போலச் சோதனை உண்டு. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள், இது டெக்சஸ். உள்ளே லிஃப்டில் கீழே இறங்கினால் நிலத்தடி விரிவுக் கட்டடம். இ1 என்று தொடங்கும் அறைகள் முதல் தளம். செனட் நிதிக் குழு வழக்கமாக உட்காரும் அறை இ1.036. போனதும் முதல் வேலை, பதிவு. கீழவைக் கூட்டங்களுக்குக் கட்டடத்துக்குள் இருந்தபடிதான் பதிய முடியும், வீட்டிலிருந்து முடியாது. ஆதரவா, எதிர்ப்பா, இரண்டுமில்லாமல் 'இதைப் பற்றி'யா என்று படிவம் கேட்கும். பேச விருப்பமில்லை என்றால் நிலைப்பாட்டை மட்டும் பதிந்துவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம் காத்திருப்புதான். முதலில் பட்ஜெட் வாரிய ஊழியர்கள் கணக்கைச் சொல்வார்கள், அடுத்துத் துறைத் தலைவர்கள், அவர்களிடம் உறுப்பினர்களின் கேள்விகள். பொதுமக்கள் முறை வரச் சாயங்காலம் ஆகிவிடலாம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள்; போனுக்குச் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உறுப்பினர்கள் எழுந்து போவார்கள், சில நாற்காலிகள் காலியாகவே இருக்கும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும். நேரலையில் அவர்களுடைய அலுவலக ஊழியர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம், எழுத்துப் பிரதியும் கையில் இருக்கும் என்பதால் நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் பேசுவது வீடியோவாக இணையத்தில் நிற்கும், பதிவில் கொடுத்த பெயரும் பொது ஆவணம். குழந்தையின் பெயர், பள்ளி, மருந்து விவரம் எல்லாம் சொல்லத் தேவையில்லை. 'என் ஏழு வயது மகன்' போதும். பெரியவன் ஆனதும் அவனே அதைப் பார்க்க நேரிடும் அல்லவா? நேரில் வர முடியாதவர்கள், டெக்சஸில் வசிப்பவராக இருந்தால், கீழவையின் இணையப் பக்கத்தில் கருத்தை எழுதி அனுப்பலாம். அதுவும் எல்லோரும் பார்க்கக்கூடியதுதான்.

கூட்டத்துக்குப் போகிறீர்களோ இல்லையோ, வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே உதவி கிடைக்கச் செய்யும் எச்.சி.எஸ்., கிளாஸ், எம்.டி.சி.பி. என்ற மெடிகெய்ட் வேவர் (விதிவிலக்கு) திட்டங்களில் குழந்தைக்குப் பெற்றோரின் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 'நமக்குச் சம்பளம் ஜாஸ்தி, கிடைக்காது' என்று விட்டுவிட்ட தமிழ்க் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பதையும் மறந்துவிடுகிறோம். இதற்கான வரிசையை இன்டரஸ்ட் லிஸ்ட் என்பார்கள், எச்.சி.எஸ். வரிசையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், காத்திருப்பு பத்து வருஷத்தைத் தாண்டும். எத்தனை புதிய இடங்கள் என்பதை முடிவு செய்வது அந்த ஆர்ட்டிகிள் டூ கூட்டம்தான்.

எச்.சி.எஸ். வரிசையில் பெயர் சேர்க்க உங்கள் பகுதிக்கான அமைப்பை அழைக்க வேண்டும்: ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் புளூபானட் டிரெய்ல்ஸ், ஆஸ்டினுக்கு இன்டக்ரல் கேர், பிளானோ பக்கம் லைஃப்பாத் சிஸ்டம்ஸ், சுகர்லேண்டுக்கு டெக்சானா. கிளாஸுக்கும் எம்.டி.சி.பி.க்கும் மாநில மனிதநல ஆணையத்தைத் தனியாக அழைக்க வேண்டும். சேர்த்த தேதியைக் குறித்து வையுங்கள். வருஷா வருஷம் அபார்ட்மென்ட் மாறும் நம் ஆட்கள், மாறும்போதெல்லாம் புதிய முகவரியை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். முறை வந்து, கடிதம் பழைய வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.