ஆலைக்கு ஒரு ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி வேண்டாம்

இரண்டு ஆலைகளின் சென்சார் தகவலை ஒரே காஃப்காவில் (செய்திகளை வாங்கிச் சேமித்துப் பகிரும் அமைப்பு) சேர்த்ததும் டீகோட் பிழைகள் குவிந்தன. செய்தியில் என்னென்ன புலங்கள் இருக்கும் என்ற வரையறைதான் ஸ்கீமா; அதற்கு எண் கொடுத்து வைத்திருக்கும் இடம் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி. கன்ஃப்ளூயன்ட் ரெஜிஸ்ட்ரி முறையில், ஆவ்ரோ என்ற பைனரி வடிவில் எழுதிய செய்தியின் முன்னால் 5 பைட் வரும்: முதல் பைட் பூஜ்யம், அடுத்த 4 பைட் ஸ்கீமா எண். ஆலைக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி இருந்ததால், ஒரே எண் இங்கே பம்ப் அழுத்தம், அங்கே மோட்டார் வெப்பநிலை.

பதிவு செய்யும் உரிமையைத் தலைமை ரெஜிஸ்ட்ரிக்கு மட்டும் கொடுத்தேன்; ஆலைகளில் இருப்பது படிக்க மட்டுமான நகல். சென்சார் தகவலைக் காஃப்காவுக்கு அனுப்பும் கேட்வேகளில், ஸ்கீமாவின் தானியங்கிப் பதிவை அணைத்தேன். தேங்கிய செய்திகளை அந்தந்தப் பழைய ரெஜிஸ்ட்ரியை வைத்துப் பிரித்து, புது எண்ணோடு மறுபடி எழுதிய பிறகே பழைய ரெஜிஸ்ட்ரிகளை நிறுத்த வேண்டும்.

புது ஸ்கீமாவால் பழைய தகவலைப் படிக்க முடியுமா என்று ரெஜிஸ்ட்ரி பார்ப்பதுதான் 'பேக்வேர்ட்' சோதனை. இயல்பாக வரும் இது, கடைசிப் பதிப்போடு மட்டுமே ஒப்பிடும். ஆலையிலோ பழைய ஃபர்ம்வேர் வருடக்கணக்கில் ஓடும். அதனால் எல்லாப் பழைய பதிப்புகளோடும் ஒப்பிடும் 'பேக்வேர்ட் டிரான்சிட்டிவ்'தான் சரி. சேர்க்கும் ஒவ்வொரு புலத்துக்கும் டிஃபால்ட் மதிப்பு கட்டாயம். அலகை பாரிலிருந்து பாஸ்கலுக்கு மாற்றினால் இந்தச் சோதனை எதுவும் பிடிக்காது. பெரிய ஆபத்தே அதுதான். புலத்தின் பெயரிலேயே அலகைச் சேருங்கள்.

ஸ்கீமாக்கள் தங்கும் காஃப்கா டாபிக்கின் (செய்தி வரிசை) கிளீன்அப் பாலிசி 'காம்பாக்ட்' (ஒவ்வொரு சாவிக்கும் கடைசிச் செய்தியைக் காலவரம்பின்றி வைத்திருப்பது) தானா என்றும் பாருங்கள். 'டிலீட்' என்றிருந்தால், இயல்பு வரம்பான 7 நாள் கடந்ததும் பழைய ஸ்கீமாக்கள் அழியத் தொடங்கும்.